குளியலறைக்குச் சுவர்

இப்போது பல ஹோட்டல் அறைகளில் குளியலறைச் சுவரைக் கண்ணாடியில் போடுகிறார்கள். கணக்கு எளிது. ஜன்னல் ஒரு பக்கம்தான். வாசல்பக்கம் இருக்கும் குளியலறைக்கும் வெளிச்சம் போகணும், சின்ன அறை பெரிதாகத் தெரியணும். ஆனால் 1949இல் அமெரிக்காவில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து வீடு கட்டிக்கொண்ட பிலிப் ஜான்சனே, குளியலறையை மட்டும் வட்டமான செங்கல் சுவருக்குள் ஒளித்துவைத்தார். மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது!

கோல சிலாங்கூர் தோட்டங்களில் அந்தச் சுவர் சும்மா வரவில்லை. லயத்து வரிசைக்குப் பொதுக்குழாய். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டி, போகிறவர் வருகிறவர் முன்னால் குளித்தார்கள். இருட்டட்டும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. காய்ந்த பாவாடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஈரத்தை உள்ளேயே நழுவவிடுவது தனி வித்தை. பிறகு தகரம், பழைய பலகை, கோணி என்று கிடைத்ததை வைத்து வீட்டுக்குப் பின்னால் மறைப்பு கட்டிக்கொண்டார்கள். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதிகளைச் சொல்லும் 446ஆவது சட்டம் வந்தது 1990இல். அதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்களும் தோட்டத்தைவிட்டு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

கண்ணாடிச் சுவரை ஆடம்பரமாக நினைக்க, மறைப்பு எப்போதும் இருந்த வீட்டில் பிறந்திருக்கணும். புஞ்சாக் ஆலாம் தாமான்களுக்குக் குடிவந்த தோட்டத்து அம்மாக்கள், புது வீட்டில் முதலில் இழுத்துப் பார்ப்பது குளியலறைத் தாழ்ப்பாளை. அவர்களை ஹோட்டலுக்கு அழைத்துப்போனால் கண்ணாடிமேல் துண்டைத் தொங்கவிடுகிறார்கள். சில அறைகளில் திரை இருக்கிறது. அதன் சுவிட்ச் கட்டிலோரம், குளிப்பவர் கைக்கு எட்டாத இடத்தில்.