பொன் போயிற்று, ஊர் நிற்கிறது

தங்கம்! இந்தச் சொல்லைக் கேட்டதும் கண்கள் அகலுகின்றன. மணமகளின் கழுத்து நினைவுக்கு வருகிறது. கோபுரக் கலசம் நினைவுக்கு வருகிறது. அடகுக் கடைத் தராசும் நினைவுக்கு வருகிறது. அதைத் தோண்டி எடுத்தவனின் முகம் மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. மறக்கப்பட்ட அந்த முகத்தைத் தேடிச் சற்றுத் தொலைவு செல்வோம், தோழர்களே!

புறப்படும் இடம் இத்தலார். நீலமலையின் மடியிலே, தேயிலைச் சரிவுகளுக்கிடையே அமைந்த படுகர் சிற்றூர். இங்கே பொன் விளையவில்லை. பச்சை இலை விளைகிறது. அப்படியிருக்க, சுரங்கத்தைப் பற்றிய பேச்சு இங்கே எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஒரே பொருளை நம்பி வாழும் ஊர் எதுவாயினும், அது நிலக்கரி தோண்டும் ஊராயினும், தங்கம் தோண்டும் ஊராயினும், தேயிலை கிள்ளும் ஊராயினும், அதன் கதையின் முதற்பக்கமும் கடைசிப்பக்கமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. நடுப்பக்கங்களை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

தங்கக் காய்ச்சல் இந்த நீலகிரி மாவட்டத்தையும் ஒருமுறை பிடித்தாட்டியது. மாவட்டத்தின் மேற்கு எல்லையிலே தேவாலா, பந்தலூர் என்ற ஊர்கள். அங்கே ஓடைமணலை அலசிப் பொன்துகள் எடுக்கும் வழக்கம் பழங்குடி மக்களிடம் நெடுநாளாக இருந்தது. 1879-ல் பிரோ ஸ்மித் என்ற சுரங்க வல்லுநரை ஆங்கில அரசு அமர்த்தியது. அவர் அறிக்கை 1880-ல் வெளிவந்ததும் லண்டன் மாநகரத்துப் பங்குச் சந்தை பற்றி எரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. இயந்திரங்கள் மலையேறின, காட்டுக்கு நடுவே கடைகளும் வீடுகளும் முளைத்தன. இரண்டு மூன்று ஆண்டுகள்தாம்! அதற்குள் அத்தனையும் சரிந்தது. பாறையில் இருந்த பொன்னைவிடப் பங்குப் பத்திரத்தில் இருந்த பொன்னே மிகுதி என்பது வெளிப்பட்டது. சீமான்கள் சென்றார்கள். துருவேறிய இரும்பும் குடைந்த மலையும் மிஞ்சின. பிற்காலத்தில் அந்த வட்டாரத்தில் தேயிலை தழைத்தது. 1964-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். ஒரு மலையில் பணத்தை இழந்தவன் வேறு மலைக்குப் போகிறான். வாழ்வை இழந்தவனோ எந்த மலையில் வேலை கிடைக்குமென்று அலைகிறான்.

அதே ஆண்டுகளில் முதலாளிகளின் பார்வை மைசூர் சமஸ்தானத்துக் கோலார் பக்கமும் திரும்பியிருந்தது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்ற லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1873-ல் அங்கே தங்கம் தேட உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. தொடக்கத்தில் அங்கும் ஏமாற்றமே. கைப்பணம் கரைந்து, மூட்டை கட்டும் நிலைக்கு வந்தபோது, பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர் பழங்காலத்தவர் தோண்டிவிட்ட குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தார். சாம்பியன் பொன்படிவம் சிக்கியது. பந்தலூரில் பொய்த்த கனவு கோலாரில் பலித்தது. தங்கவயல் பிறந்தது!

பிறப்பித்தவர் யார்? பிரிட்டனில் செம்பும் வெள்ளீயமும் எடுத்துவந்த கார்ன்வால் சுரங்கங்கள் நலிந்தபோது, பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஆங்கிலத் தொழிலாளிகள் மேற்பார்வைக்கு வந்தார்கள். பாறையைத் துளைக்க வந்தவர்களோ வடார்க்காட்டுத் தமிழர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாதுவருடப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. ஊரில் கிணற்றைத் தொடக்கூடாது, தெருவில் நடக்கக்கூடாது, கூலியை வாய்திறந்து கேட்கக்கூடாது. அந்த ஊரைவிட்டு, பூமிக்குக் கீழே பாதாளத்துக்குச் சென்றார்கள். மேலே இருந்த சமுதாயத்தைக் காட்டிலும் கீழே இருந்த பாதாளம் மேல் என்று ஒரு மக்கள் கூட்டம் முடிவு செய்ததென்றால், அந்தச் சமுதாயத்தை என்ன பெயரிட்டு அழைப்பது!

தங்கவயலுக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர். தட்பவெப்பம் இதம், பங்களாக்கள், பூந்தோட்டங்கள், மன்றங்கள், பந்தாடும் புல்வெளி. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கு முன்பே அந்த ஊர் மின்னொளி கண்டது. ஆனால் அந்த ஒளி இயந்திரங்களுக்கும் பங்களாக்களுக்கும் சென்றது. தொழிலாளி மூங்கில் தட்டி வைத்த குடிசையிலே குனிந்து நுழைந்தான். ஒரே ஊர், ஒரே சங்கொலி. ஆனால் வாழ்வு இரண்டு.

சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. கூண்டிலே நின்று இறங்க இறங்கக் காற்று கனலாகும். சில வேளை பாறை பேரொலியுடன் தானே வெடித்துச் சிதறும். ஆத்தாளின் சினம் என்று அஞ்சியவர்கள் உண்டு. படையல் இட்டவர்கள் உண்டு. உண்மை என்ன? மேலே உள்ள மலையின் பாரம் முழுவதும் குடைந்த இடத்தின்மீது அழுந்துகிறது. தாங்காத பாறை தெறிக்கிறது. இது இயற்பியல். எத்தனை ஆழம்வரை தோண்டுவது, எத்தனை முட்டுக் கொடுப்பது என்பதை முடிவு செய்தவர்கள் மேலே இருந்த மனிதர்கள். பழியோ கண்ணுக்குத் தெரியாத தெய்வத்தின்மீது! பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, சிலிக்கோசிஸ் என்ற நோயால் மூச்சு முட்டி மாண்டவனுக்கும் ‘தலையெழுத்து’ என்றே தீர்ப்பு எழுதினார்கள். எழுதியது தலையன்று, தூசி!

இங்கிலாந்திலும் இதே கதையா என்று கேட்டால், ஆம் என்கிறோம். வடகிழக்கே, டர்ஹாம் மாவட்டத்துக் கடலோரத்தில் ஈசிங்டன் என்ற நிலக்கரி ஊர். 1951 மே 29-ஆம் நாள் அந்தச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 83 பேர் மாண்டனர். அவர்களில் இருவர் மீட்கச் சென்றவர்கள். அந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளி வெள்ளையன்தான், ஆளும் இனத்தவன்தான். ஆயினும் கரித்தூசி அவன் நுரையீரலை விட்டுவைக்கவில்லை. 1984-ல் தொடங்கி ஓராண்டு நீடித்த பெரும் வேலைநிறுத்தத்தில் அவன் பட்டினி கிடந்தான், தோற்றான். 1993-ல் ஈசிங்டன் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் 1871-ல் டர்ஹாம் தொழிலாளர்கள் தொடங்கிய ஆண்டு விழாவோ இன்றும் நடைபெறுகிறது. சுரங்கம் இல்லாத ஊர்களின் மக்கள், தங்கள் சங்கக் கொடிகளை ஏந்தி, இசைக்குழு முழங்க அணிவகுக்கிறார்கள். கரி போயிற்று, கொடி போகவில்லை.

தங்கவயலின் நடுப்பக்கங்களும் அப்படித்தான் எழுதப்பட்டன. அந்த எழுத்தின் முதற்புள்ளி நமது நீலமலையிலே இருக்கிறது என்பதை இத்தலார் இளைஞர்கள் அறிந்து பெருமை கொள்ளலாம். அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் பொதுப்பணி தொடங்கியதும் நீலகிரியில். 1891-ல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அவர் கூட்டியதும் நீலகிரியில். 1898-ல் அவர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம், தங்கவயலில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டது. 1907-ல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழைச் சுரங்கத் தொழிலாளர் வாங்கிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 1914-ல் அவர் மறைந்த பின்னர், அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை. பின்னாளில் ‘தமிழன்’ இதழையே தங்கவயலிலிருந்து நடத்தினார் பண்டிதமணி ஜி. அப்பாதுரையார், சுயமரியாதை இயக்கத்திற்கும் அவர் துணை நின்றார்.

எண்ணிப் பாருங்கள்! பன்னெடுங்காலமாக எழுத்தை மறுத்தார்கள் இந்த மக்களுக்கு. பூமிக்கடியில் வியர்வை சிந்திப் பெற்ற காசில், அவர்கள் புத்தகசாலை வைத்தார்கள், பள்ளி வைத்தார்கள், சாதியைக் கேள்வி கேட்கும் ஏடு நடத்தினார்கள். முதலாளி தங்கத்தைக் கப்பலேற்றினான். தொழிலாளி அறிவைச் சேமித்தான்.

அறிவு சேர்ந்த இடத்தில் அடங்கிக் கிடத்தல் நிலைக்குமா? 1930-ல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்யக் கம்பெனிகள் முனைந்தபோது, “நாங்கள் குற்றவாளிகளா?” என்ற கேள்வி எழுந்தது. சுரங்கங்கள் நின்றன. கூலிக்காக அன்று, மானத்துக்காக ஆயிரமாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். 1946-ல் மற்றொரு நெடிய வேலைநிறுத்தம் நடந்தது. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-ல் மத்திய அரசிடம் சென்றன.

இன்னுமொரு செய்தியை விட்டுவிட மனமில்லை. 1965-ல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்திலே, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, அறிவியலாளர்கள் கருவிகளை நிறுத்தினார்கள். வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தை அங்கே கண்டார்கள். பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் மட்டுமல்ல, நிலக்கரி நாட்டு டர்ஹாம் பல்கலைக்கழகமும் அந்த ஆய்வில் பங்கேற்றது. பாதாளத்தில் அசுரர் இருப்பதாகப் புராணம் சொல்லிற்று. பாதாளத்தைத் தோண்டிய ஆதிதிராவிடத் தொழிலாளி அங்கே அறிவியலுக்கு இடம் அமைத்துக் கொடுத்தான். எது பெரிது?

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சங்கு ஓய்ந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த சுரங்கம், இலாபமில்லை என்று மூடப்பட்டது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேரளவில் உழைத்த ஊரில், விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது வாழ்க்கையாயிற்று. சயனைடு கலந்த சுரங்க மண் குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீடுகளில் படிகிறது. தங்கம் லண்டனுக்கும் கருவூலத்துக்கும் போயிற்று. கழிவு மட்டும் தோண்டியவனின் பங்கு! சுரங்கம் மீண்டும் திறக்கும் என்ற வாக்குறுதியோ தேர்தல்தோறும் திறந்து மூடுகிறது.

ஆயினும் ஊர் சாகவில்லை. தமிழ் பேசும் அந்த மக்கள் கன்னட நாட்டிலே தங்கள் தெருக்களையும் நூலகங்களையும் அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசர் நினைவையும் காத்து நிற்கிறார்கள். கம்பெனி கட்டிய பங்களா பாழடைகிறது. மக்கள் கட்டிய சமுதாயம் நிற்கிறது.

இனி இத்தலாருக்குத் திரும்புவோம். உருளைக்கிழங்கு பயிரிட்ட மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. சோவியத் ஒன்றியம் 1991-ல் கலைந்து, ஏற்றுமதிச் சந்தை தளர்ந்து, 1990-களின் இறுதியில் பச்சை இலை விலை வீழ்ந்தபோது நீலகிரியின் சிறு விவசாயி திகைத்து நின்றான். எங்கோ மாஸ்கோவில் நடந்தது, இத்தலார்க் கூடையைக் காலி செய்தது. தெய்வக் குற்றமா? ஊழா? இல்லை, கணக்கு. விலையை நிர்ணயிப்பவன் வேறு, விளைவிப்பவன் வேறு என்ற கணக்கு. நல்வேளையாக இங்கே கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அதன் குறைகள் எவையாயினும், பலர் சேர்ந்து நின்றால் ஒருவன் சாயமாட்டான் என்ற தங்கவயல் பாடத்தின் சிறு வடிவம் அது.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் ஊரின் கதையை எழுதிவையுங்கள். பாட்டன் எப்போது தேயிலை நட்டான், பாட்டி என்ன கூலி பெற்றாள், எந்த ஆண்டு விலை வீழ்ந்தது, யார் துணை நின்றார், யார் ஏய்த்தார்: எல்லாவற்றையும் முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைப் படிப்பகத்துக்கு ஒதுக்குங்கள். பொன் தீரும், கரி தீரும், தேயிலை விலையும் சாயும். அந்த நாளில் ஊரைத் தாங்கப் போவது வானத்துத் தெய்வமன்று, லண்டன் சீமானுமன்று. கைகோத்து நிற்கவும் கணக்குக் கேட்கவும் கற்றுக்கொண்ட மக்களே ஊரைத் தாங்குவார்கள்.

தங்கவயல் தோண்டியெடுத்த மெய்யான பொன் அதுவே. அதை எந்தக் கப்பலும் கொண்டுபோக முடியவில்லை!