ஏறின கியரிலேயே இறங்கு

போன ஆடிப் பதினெட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேரனைக் கூட்டிக்கிட்டு சென்னையிலிருந்து வந்திருந்தாங்க. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா பார்க்கணும்னு மாப்பிள்ளைக்கு ஆசை. எங்க காட்டு வரப்பில் நின்னா மலை எதிரிலேயே தெரியும். ஆனா காரவள்ளி தாண்டி மேலே போகணும்னா எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. விழா பார்த்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, பொழுதோட இறங்க ஆரம்பிச்சோம்.

நான் முன் சீட்டில். நாலு வளைவு தாண்டினதும் மாப்பிள்ளை கியரை நியூட்ரலுக்குத் தள்ளிட்டாரு. என் முகத்தைப் பார்த்துட்டு, "இறக்கம்தானே மாமா, பெட்ரோல் மிச்சம்"னாரு. நான் ஒண்ணும் சொல்லலை. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற மாமனாரை எங்க பக்கம் யாரும் மெச்ச மாட்டாங்க. மரியாதைன்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு கருகல் நெடி வந்தது. அந்த நெடி எனக்குப் பழக்கம். "மாப்ள, பிரேக் எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டேன். "என்னமோ பஞ்சை மிதிக்கிற மாதிரி உள்ள போகுது மாமா"ன்னாரு. குரல் மாறியிருந்தது. "ரெண்டாவது கியரைப் போடுங்க. இப்பவே போடுங்க"ன்னேன். போட்டாரு. இன்ஜின் ஓன்னு கத்துச்சு, வண்டி இழுத்துப் பிடிச்ச மாதிரி மெதுவாச்சு. முதல் கியருக்கும் வந்து, கொஞ்சம் அகலமான இடத்தில் ஓரங்கட்டினோம். முன் சக்கரம் ரெண்டிலும் புகை. தண்ணி ஊத்தப் போனவரைத் தடுத்தேன். சூடான இரும்பில் பச்சைத் தண்ணி பட்டா விரிசல் விடும். அரை மணி நேரம் சும்மா நின்னோம்.

மகள் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. "அப்பா, அவர் நியூட்ரல் போட்டப்பவே உங்களுக்குத் தெரியும்தானே? ஏன் சொல்லலை?"ன்னு கேட்டா.

அதுக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்ப யோசிச்சு, கொஞ்சம் பழைய கதையோட சேர்த்து எழுதறேன். கார் வாங்கி, ஓட்டிப் பழகி, லீவு நாளில் மலைக்குக் கிளம்புற உங்களுக்கும் இது வேணும்.

மோட்டார் வண்டிக்கு முதல் பாடம் எடுத்ததே மலைதான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, புருஷன் கார்ல் பென்ஸ் செய்த மூணு சக்கர வண்டியை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கிட்டு, ரெண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிட்டாங்க. நூறு கிலோமீட்டர் சொச்சம். மேடு வந்தால் வண்டி திணறும். பையன்கள் இறங்கித் தள்ளணும். பள்ளம் வந்தால் பிரேக்கு மரக்கட்டை தேயும். வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரிடம் அந்தக் கட்டைமேல் தோல் வச்சு அடிக்கச் சொன்னாங்க. ஊர் திரும்பின பிறகு, மேடு ஏற இன்னொரு சின்ன கியர் வேணும்னு புருஷன்கிட்ட சொன்னாங்க. பிரேக்குக்கு உறை, மலைக்குக் கியர். ரெண்டும் அந்த ஒரு பயணத்தில் கிடைச்ச பாடம்.

அப்புறம் 1890-களில் பிரான்ஸில் எமீல் லெவாஸோர். முன்னால் இன்ஜின், அதுக்குப் பின்னால் கிளட்ச், அப்புறம் கியர் பெட்டி, பின் சக்கரத்துக்கு இழுவை. ரொம்ப வருஷத்துக்குக் கார்கள் இந்த வரிசையில்தான் வந்தன. பெட்டிக்குள் பல் சக்கரங்களைத் தள்ளித் தள்ளி மாட்டணும். சுத்திக்கிட்டிருக்கிற ரெண்டு பல் சக்கரம் வேற வேற வேகத்தில் இருந்தால் 'கர்ர்ர்'ன்னு அரைக்கும். இது முரட்டு வேலைதான்னு அவரே ஒத்துக்கிட்டதாகச் சொல்வாங்க.

கிளட்ச் எதுக்கு? இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற கதவுன்னு வச்சுக்குங்க. இன்ஜினோட சுத்துற இரும்பு ஒரு பக்கம், கியர் பெட்டிக்குப் போற தட்டு ஒரு பக்கம். ஸ்பிரிங் ரெண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிச்சிருக்கும். பெடலை மிதிச்சா பிரியும், விட்டா சேரும். கியர் மாத்துற அந்த ஒரு நொடிக்கும், நிக்கவும் கிளம்பவும் மட்டும்தான் அந்தக் கதவைத் திறக்கணும். சும்மா காலை அதுமேல வச்சுக்கிட்டே ஓட்டினா தட்டு தேயும், பேரிங் போகும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தர் இருந்தார். டெர்பிஷைர் மலைப்பக்கம். குதிரை வண்டிக்காரங்க இறக்கத்தில் பிரேக்குக் கட்டைக்குப் பழைய பூட்ஸை மாட்டி இறங்குறதைப் பார்த்தார். அதிலிருந்து யோசிச்சு 1897-ல் பிரேக்குக்குத் தனியா உறை செய்யத் தொடங்கினார். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் 'ஃபெரோடோ'ன்னு சொல்றாங்களே, அது ஃப்ரூட் பேரை எழுத்து மாத்திப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து வச்ச பேர்தான். வண்டிக்காரன் காலில் போட்டுத் தேஞ்ச பூட்ஸிலிருந்து வந்தது.

இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பாரு ஞாபகம். பாரம் ஏத்தின கட்டை வண்டி இறக்கத்தில் வந்தா, சக்கரத்தில் உரசுற கட்டையை மட்டும் நம்ப மாட்டாரு. மாட்டை முன்னாடியே நிதானத்துக்குக் கொண்டு வந்துடுவாரு. மாடு காலை ஊன்றிப் பின்னுக்கு வாங்கி வண்டியைத் தாங்கும். கட்டை ஒத்தாசைக்கு மட்டும்தான். மாட்டை அவுத்து விட்டுட்டு வண்டியை இறக்கத்தில் யாராச்சும் உருட்டி விடுவாங்களா? நியூட்ரலில் இறங்குறது அதுதாங்க.

மறுபடி கியர் பெட்டிக்கு வர்றேன். அந்த முரட்டுப் பெட்டியில் சத்தம் வராமல் கியரைக் குறைக்க ஓட்டுநர்கள் கண்டுபிடிச்ச வித்தைதான் டபுள் கிளட்ச். கிளட்சை மிதி, நியூட்ரலுக்கு வா. கிளட்சை விடு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏத்து. மறுபடி கிளட்சை மிதி, சின்ன கியரைப் போடு. ஏன் இவ்வளவு? ஓடுற பஸ்ஸில் ஏறுறவன் என்ன செய்வான்? பஸ்ஸோட வேகத்துக்குக் கூடவே ஓடி, வேகம் சமமானதும் காலை வைப்பான். நின்ன இடத்திலிருந்து தாவினால் பல் உடையும். கியருக்கும் பல் இருக்குதே.

1987-ல் பத்தாவது முடிச்சுட்டு ரெண்டு வருஷம் எங்க தாய்மாமன் ஓட்டின லாரியில் கிளீனரா இருந்தேன். நாமக்கல் பக்கம் அன்னிக்கு வீட்டுக்கு வீடு லாரிதான். 1954-ல் டாடாவும் பென்ஸும் ஜாம்ஷெட்பூரில் சேர்ந்ததும், 1955-ல் எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆனதும், எங்க ஊர் மானாவாரி நிலத்துக்காரங்க தலையெழுத்தை மாத்துச்சு. மழை ஏமாத்தின வருஷம் ஸ்டியரிங் சோறு போட்டது.

மாமனோட லாரி பழசு. டபுள் கிளட்ச் இல்லாமல் கியர் விழாது. "கண்ணு, கையைப் பார்க்காத, காதைக் கொடு. இன்ஜின் சொல்லும்"பாரு. மலைக்கு ஒரே சட்டம்: எந்தக் கியரில் ஏறுவியோ அதே கியரில் இறங்கு. இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே போட்டுடு. நடுவில் போட நினைச்சால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்குவ.

ஒரு ராத்திரி பெங்களூரிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் பின்னாலிருந்து ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தது. மாமன் வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கினாரு. எங்களைத் தாண்டிப் போனப்ப அந்த நெடி மட்டும் எங்க கேபினுக்குள்ள நின்னுச்சு. ரெண்டு வளைவு தாண்டி அது சாஞ்சு கிடந்தது. டீசல் மிச்சத்துக்கு நியூட்ரலில் விட்டிருக்காங்க. வேகம் ஏறின பிறகு கியர் விழலை, பிரேக்கும் நிக்கலை. ஓட்டுநர் பிழைச்சாரு. கிளீனர் பையன் பிழைக்கலை. என் வயசுதான் இருக்கும். அடுத்த மாசம் நான் லாரியை விட்டுட்டு மண்வெட்டியைப் பிடிச்சேன்.

இதே மாதிரி ஒரு இறக்கத்தில் மாட்டினவர்தான் கிளெஸ்ஸி கம்மின்ஸ். கம்மின்ஸ் டீசல் இன்ஜின் அவர் பேரில் வந்ததுதான். 1931-ல் தன் இன்ஜின் போட்ட லாரியில் அமெரிக்காவை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் கடந்தார். கலிஃபோர்னியாவில் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்டது. கீழே ரயில்வே கேட், அதில் கூட்ஸ் ரயில். மயிரிழையில் தப்பினார்கள். ஏறுறதுக்கு இவ்வளவு பலம் கொடுக்கிற இன்ஜின் ஏன் இறங்கும்போது தாங்கக் கூடாதுன்னு அந்த மனுஷன் பல வருஷம் விடாமல் யோசிச்சு, இன்ஜினையே பிரேக்காக மாத்துற ஒரு கருவி செஞ்சார். 1961-ல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்க ஆரம்பிச்சது. லேத் பட்டறையில் ட்ரில் மாட்டுற ஜேக்கப்ஸ் சக் இருக்கே, அதே ஜேக்கப்ஸ்தான்.

இதுக்கு நடுவில் இன்னொரு பக்கம் கார் சுலபமாகிட்டே வந்தது. 1928-ல் அமெரிக்காவில் கேடிலாக் கார் சிங்க்ரோமெஷ் கியரோடு வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் வேலை. பல் மாட்டுறதுக்கு முன்னாடி கூம்பு மாதிரி ஒரு வளையம் உரசி, ரெண்டு வேகத்தையும் சமமாக்கிடும். பஸ்ஸோட கூட ஓடுற வேலையை உங்களுக்குப் பதிலா அது செய்யுது. 1952-ல் போர்ஷே தன் காரில் நாலு கியருக்கும் சிங்க்ரோ வச்சது. நம்ம நாட்டில் பழைய அம்பாசிடருக்கு முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ன பிறகுதான் ஒழுங்கா விழும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, முன்னால் போற நாலு கியருக்கும் சிங்க்ரோவோட. டபுள் கிளட்ச் தெரியாத ஒரு தலைமுறை தைரியமாக் கார் ஓட்டினது அதுக்கப்புறம்தான். 2014-ல் செலேரியோவில் கிளட்ச் பெடலே போச்சு. கிளட்ச் உள்ளே இருக்கு, மிதிக்கிற வேலையை மெஷின் செய்யுது.

இது நல்லதுதான். குறை சொல்லலை. ஆனா கியர் போட காது வேண்டியதில்லைன்னு ஆனதும், இன்ஜின் என்ன சொல்லுதுன்னு கேட்கிற பழக்கமும் போயிடுச்சு. வண்டி மன்னிக்கப் பழகிடுச்சு. மலை அப்படியேதான் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி என் மகள் ஒரு கணக்குப் போட்டா. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவ. ஒரு டன் எடை ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினா அதில் வர்ற சூடு, முப்பது லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வைக்கும். கொல்லிமலை இறக்கம் ஏறத்தாழ அவ்வளவு. ஆள் ஏறின கார் ஒரு டன்னுக்கு மேலேயே இருக்கும். இவ்வளவு சூட்டையும் உள்ளங்கை அளவு பிரேக் பேடு தாங்கணும்னா எப்படி? கியரில் இருந்தா பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கும்.

பெட்ரோல் மிச்சம் கணக்கும் தப்புங்க. இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினா, எரிபொருளை இன்ஜின் தானா நிறுத்திக்கும்; சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. நியூட்ரலில் விட்டா இன்ஜின் அணையாமல் ஓட எரிபொருள் செலவாகும்.

அதனால இறக்கம் வர்றதுக்கு முன்னாடி, நேரான இடத்தில் பிரேக் போட்டு வேகத்தைக் குறைங்க. கிளட்சை மிதிச்சு, ஒரு கியர் குறைச்சு, ஆக்சிலேட்டரை லேசாத் தட்டி, கிளட்சை மெதுவா விடுங்க. வேகமாப் போயிட்டிருக்கும்போது நாலிலிருந்து ரெண்டுக்குத் தாவாதீங்க. கிளட்சை அமுக்கிக்கிட்டே இறங்காதீங்க; அதுவும் நியூட்ரல் மாதிரிதான். இன்ஜினை அணைக்கவே அணைக்காதீங்க, பிரேக்குக்கு உதவி கொஞ்ச நேரத்தில் போயிடும். சத்தம் வந்தா பயப்படாதீங்க. முள் சிவப்புக் கோட்டுக்குப் போகாதவரைக்கும், அது மாடு காலை ஊன்றித் தாங்குற சத்தம். ஆட்டோமேட்டிக் வண்டின்னா, சின்ன கியரிலேயே நிறுத்தி வைக்க லீவரில் ஒரு இடம் இருக்கும். மலைக்குப் போறதுக்கு முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க.

மகள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த நெடி எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல தெரியும். தெரிஞ்சும், மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு பேரன் பின் சீட்டில் இருக்கிறதை மறந்துட்டேன். மாப்பிள்ளை ஒண்ணும் கோவிச்சுக்கலை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு.

ஓட்டுறவர் யாரா இருந்தாலும், பக்கத்து சீட்டில் நீங்க இருந்தா, நெடி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மலை உச்சியிலேயே சொல்லிடுங்க.