கனகபுராவிலிருந்து வெரோனாவுக்கு ஒரு கருங்கல்

பெங்களூரை அடுத்த ஆனேக்கல் என்ற ஊரின் பெயருக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்கிறார்கள். யானைக்கல் என்பது ஒன்று. கன்னடத்தில் 'ஆனெகல்லு' என்றால் ஆலங்கட்டி என்பது இன்னொன்று. எதை எடுத்துக்கொண்டாலும் பெயருக்குள் கல் உட்கார்ந்திருக்கிறது. ஆனேக்கல் தாலுகாவுக்குள் இருக்கும் ஜிகணிக்குப் போனால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். பன்னர்கட்டா தாண்டி ஆனேக்கல் போகும் சாலையில், இரண்டு பக்கமும் ஆளுயரப் பலகைகளாகக் கல் சாய்ந்து நிற்கும். கருப்பு, பச்சை, காப்பிப்பொடி நிறம், சிவப்பு. காற்றில் எப்போதும் ஈரமான சாம்பல் வாசம். டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு திசையிலிருந்தும் அறுவைச் சத்தம் கேட்கும்.

நான் சொல்ல வருவது இங்கே ஒரு சில வாரம் தங்கிப் போகும் ஒரு கருங்கல்லின் கதை. அதன் கடைசி முகவரி இத்தாலியில் உள்ள வெரோனா நகரம். அங்கே ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றின் குளியலறை. கல் ஒன்று என்று சொல்கிறேனே தவிர, அதே வழியில் போன பல கற்களின் கதையை ஒன்றின் தலையில் ஏற்றித்தான் சொல்கிறேன்.

ஆனேக்கல்லுக்கு மேற்கே இருக்கிறது கனகபுரா. அங்கே தரையெல்லாம் நைஸ் என்னும் வெளிர்சாம்பல் பாறை. பெங்களூர் லால்பாக்கில் தேசியப் புவியியல் சின்னம் என்று பலகை வைத்துக் காக்கிறார்களே, அந்தக் குன்றும் இதே இனம்தான். அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. இந்தப் பாறை ஒரு காலத்தில் நீளநீளமாக வெடித்தது. வெடிப்புக்குள் கீழிருந்து எரிகுழம்பு ஏறி, நிலத்துக்கு மேலே வந்து சேராமலே உள்ளுக்குள் உறைந்து, கருஞ்சுவர் போல நின்றுவிட்டது. பெங்களூரைச் சுற்றியுள்ள இத்தகைய சுவர்களில் வயது கணித்த சில, 237 கோடி ஆண்டு காட்டுகின்றன. அப்போது பூமியில் மீன் இல்லை, மரம் இல்லை, புழுகூட இல்லை.

நிலவியல் படித்தவர்கள் இதை டோலரைட் என்பார்கள். சந்தையில் இதன் பெயர் பிளாக் கிரானைட். உண்மையில் இது கிரானைட்டே இல்லை. கிரானைட் என்றால் குவார்ட்ஸ் நிறைய வேண்டும், வெளிர்நிறம் வேண்டும். ஆனால் கெட்டியாக இருந்து பளபளப்பு ஏறினால் வியாபாரிக்கு எல்லாமே கிரானைட். ஆக, மண்ணை விட்டு வெளியே வருமுன்பே கல்லுக்கு முதல் பெயர் மாற்றம் நடந்துவிடுகிறது. இது கடைசியும் அல்ல.

குவாரியில் வேலை அவசரமில்லாமல் நடக்கும். வெடி வைத்தால் கல்லுக்குள் மயிரிழை விரிசல் ஓடிவிடும் என்பதால் வரிசையாகத் துளை போட்டுப் பிளக்கிறார்கள். அல்லது வைர மணி கோத்த எஃகுக் கம்பியைச் சுற்றவிட்டு அறுக்கிறார்கள். கருங்கல் குவாரியில் தோண்டியதில் பெரும்பகுதி கழிவுதான். மீந்து நிற்கும் பிளாக்கை வாங்க வருகிறவர் முதலில் செய்வது, ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவது. மேற்பரப்பு காயும்போது விரிசல் இருக்கும் இடம் மட்டும் ஈரக்கோடாக நிற்கும். அடுத்து சுத்தியால் தட்டுவார். மணி மாதிரி கணீரென்றால் கல் முழுசு. பொத்தென்று கேட்டால் உள்ளே உடைசல். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கல் தேர்ந்ததும் இதே காதை வைத்துத்தான். ஒலியைக் கேட்டே ஆண் கல், பெண் கல், இரண்டும் கெட்டான் என்று பிரித்தார்கள். மூலவருக்கும் முகம் கழுவும் மேடைக்கும் தேர்வு ஒன்றே என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது.

நம் பிளாக் நீளம் 2.8 மீட்டர், உயரம் 1.8, அகலம் 1.5 என்று வைத்துக்கொள்வோம். டோலரைட் கன மீட்டருக்கு 3 டன் இருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 23 டன். ஒரு லாரிக்கு ஒரே ஒரு பயணி.

முப்பது நாற்பது வருடம் முன்பு இந்த லாரி ஜிகணிப் பக்கம் திரும்பியிருக்காது; நேரே துறைமுகத்துக்குப் போயிருக்கும். பிளாக்குகள் முரட்டு உருவத்திலேயே கப்பலேறி இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போயின. அறுப்பதும் பாலிஷ் போடுவதும் அங்கே. வெரோனாவை ஒட்டியுள்ள தொமெலியாரா, சாந்த் அம்ப்ரோஜோ பக்கம் அதற்கென்றே பட்டறைகள் இருந்தன. அங்கே அறுபட்ட இந்தியக் கல் 'நேரோ அஸ்ஸோலுட்டோ' என்ற இத்தாலியப் பெயரோடு உலகத்துக்குப் போயிற்று. மண் நம்முடையது; கூலி, லாபம், பெயர் மூன்றும் அவர்களுடையது. பிறகு அதே இத்தாலிய இயந்திரங்கள் ஜிகணிக்கு வந்து இறங்கின. அறுவையும் இங்கே நிலைத்தது.

கேங் சா என்னும் அறுவை இயந்திரம் பார்க்க ஒரு பெரிய ஊஞ்சல். டஜன் கணக்கில் எஃகுத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டு முன்னும் பின்னும் ஆடும். தகட்டுக்குப் பல் கிடையாது. மேலே இரும்புக் குருணை, சுண்ணாம்பு, தண்ணீர் கலந்த கூழ் ஓயாமல் கொட்டும். அந்தக் குருணைதான் கல்லைத் தின்கிறது. கெட்டியான கருங்கல்லில் மணிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் அதிகம். 1.8 மீட்டர் இறங்க இரவு பகலாக மூன்று நாள். இப்போது பல வைரக் கம்பிகள் ஒன்றாக ஓடும் மல்டி வயர் வந்து, மூன்று நாள் வேலையை ஒரு நாளைக்குள் முடிக்கிறது. ஆனாலும் ஊஞ்சல்கள் முற்றிலும் நிற்கவில்லை.

அறுவை முடிந்தால் 2 சென்டிமீட்டர் தடிமனில் ஐம்பது ஸ்லாப் கிடைக்கும். ஒவ்வொன்றும் 300 கிலோ. எடையைச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்லாப் சாய்ந்தால் அதைப் பிடிக்க முயல்பவன் உயிரோடு மிஞ்சுவது அரிது. பெல்ட் மாட்டி ஓவர்ஹெட் கிரேனில் தூக்கும்போது அடியில் யாரும் நிற்கக்கூடாது என்பது இங்கே சட்டம் மாதிரி. வேலைக்கு ஒரு காலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். இப்போது அவர்களோடு பீகார், ஒடிசா இளைஞர்களும். பட்டறைக்குள் கன்னடம், தமிழ், இந்தி மூன்றும் கலந்த ஒரு பேச்சு ஓடும். "அண்ணா, நீரு பிடு, பாணி கம் ஹை" என்று ஒரே மூச்சில் மூன்று மாநிலம் வந்துபோகும்.

அறுக்கும்போது கொட்டிய அந்தக் கூழ் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. உலர்ந்தால் சிமெண்ட் நிறத்தில் மாவாகிவிடும். முறையாக அமுக்கித் தண்ணீரைப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இரவில் டேங்கரில் ஏற்றி ஏரிக்கரையில் ஊற்றிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உலர் தூசி அதைவிட மோசம். தண்ணீர் விடாமல் கட்டர் ஓட்டினால், கல்லில் குவார்ட்ஸ் இருந்தால், நுரையீரலுக்குள் சிலிக்கா படிந்துகொண்டே போகும். அதற்கு மருந்து கிடையாது. விடுதிக் குளியலறையின் விளம்பரப் படத்தில் இந்தச் சாம்பல் நிறம் வருவதே இல்லை.

பாலிஷ் லைனில் ஸ்லாப் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கண்ணாடியாக வெளியே வரும். நடுவே வரிசையாக இருக்கும் தலைகள் முரட்டுச் சாணைக்கல்லில் தொடங்கி மென்மையான சாணைக்கல் வரை மாற்றி மாற்றித் தேய்க்கும். கடைசித் தலை தாண்டியதும் மேற்கூரையின் டியூப்லைட் அதில் தெரிய வேண்டும். இப்போது ஐரோப்பாவில் அந்தப் பளபளப்புக்கு மவுசு குறைந்து, தூரிகையால் தேய்த்த தோல் போன்ற 'லெதர் பினிஷ்' கேட்கிறார்கள். கண்ணாடியாக்கத் தெரிந்த கை, இப்போது வேண்டுமென்றே மங்கலாக்கக் கற்றுக்கொள்கிறது.

கருங்கல்லில் ஒரு தில்லுமுல்லு உண்டு. முழுக்கருப்பு அரிது; அதனால் சாம்பல் சாயல் கொண்ட கல்லுக்கு எண்ணெயோ சாயமோ ஏற்றிக் கருப்பாக்கி விற்பார்கள். விவரம் தெரிந்தவர் பையில் அசிட்டோன் பாட்டிலும் பஞ்சும் இருக்கும். துடைத்த பஞ்சு கறுத்தால் பேச்சுவார்த்தை அங்கேயே முடியும்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'காஷ்மீர் வைட்' என்று உலகம் வாங்குகிற கல் மதுரைப் பக்கத்தது. காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. கனகபுராவின் கருப்பும், சாமராஜநகரின் கருப்பும், விழுப்புரம் மாவட்டம் குன்னத்தின் கருப்பும் பட்டியலில் 'அப்சொல்யூட் பிளாக்' ஆகிவிடும். ஐரோப்பாவில் ஈ.என். 12440 என்றொரு தரவிதி இருக்கிறது. கல்லின் வணிகப் பெயரோடு அது எந்த இனம், என்ன நிறம், எங்கே பிறந்தது என்பதையும் எழுத வேண்டும். எழுதுகிறார்கள். அந்தக் காகிதம் கட்டட ஒப்பந்தக்காரரின் கோப்போடு நின்றுவிடுகிறது.

பயணத்துக்கு மரச்சட்டம். கல்லுக்கு எந்தத் தடையும் இல்லை, சட்டத்தின் மரத்துக்குத்தான் விசா வேண்டும். பூச்சி இல்லை என்பதற்காக வெப்பம் ஏற்றி முத்திரை குத்திய மரமாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் துறைமுகத்தில் மொத்தச் சரக்கும் நிற்கும். இருபது அடிக் கண்டெய்னரில் எண்பது தொண்ணூறு ஸ்லாப் ஏற்றினாலே எடை வரம்பு வந்துவிடும். பாதிப் பெட்டி வெறும் காற்று. அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், பிறகு கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர், ஸ்ரீபெரும்புதூர், சென்னைத் துறைமுகம். கப்பல் கொழும்பில் மாறி சூயஸ் வழியாக இத்தாலியின் லா ஸ்பேசியாத் துறைமுகம் போகும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. 237 கோடி ஆண்டு பொறுத்த கல்லுக்குக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நாள் ஒரு பொருட்டா? பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஜிகணிக்காரருக்குத்தான் அது பொருட்டு.

வெரோனா கல்லால் ஆன ஊர். முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய அரங்கம் நடு ஊரில் இருக்கிறது. 1117 நிலநடுக்கத்தில் அதன் வெளிச்சுற்று இடிந்து நான்கு வளைவு மட்டும் மிஞ்சியது. 1913 முதல் அங்கே ஒப்பெரா நடக்கிறது. நகரம் 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தெருவோர நடைபாதை இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல். குனிந்து பார்த்தால் சுருண்ட அம்மோனைட் சிப்பிகள் கல்லுக்குள் தெரியும். ஜுராசிக் கடலடிச் சேறு அது.

பயணிகள் இங்கே பழமைக்குத்தான் காசு தருகிறார்கள். ஜூலியட் வீட்டு மாடத்தின் கீழே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்த மாடம் 1930களின் கடைசியில் பொருத்தியது. சாந்த் அனஸ்தாசியா தேவாலயத்தை ஒட்டி துவே தோர்ரி என்ற விடுதி இருக்கிறது. 1769 டிசம்பர் இறுதியில் 13 வயது மொஸார்ட் அப்பாவோடு வந்து தங்கிய விடுதி என்று அதற்குப் பெருமை. இப்படிப்பட்ட பழைய மாளிகை விடுதிகளின் முகப்பைத் தொட அரசு விடாது. உள்ளே குளியலறை மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாகும். நம் கல் நுழைவது அந்த வழியில்.

ஊர்க்கல்லை விட்டு ஏன் இந்தக் கல்? சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் புளிப்புக்கு அஞ்சும். எலுமிச்சைச் சாறோ ஒயினோ ஒரு சொட்டு விழுந்தால் பளபளப்பு தின்னப்பட்டு மங்கல் வட்டம் தங்கிவிடும். விருந்தாளி மாறி மாறி வரும் அறையில் அது கட்டுப்படியாகாது. டோலரைட்டுக்குப் புளிப்பு ஒன்றும் செய்யாது. ஒரே சிக்கல் எடை. பழைய மரத்தளம் தாங்காது என்பதால் 2 சென்டிமீட்டர் ஸ்லாபையே வெட்டி, ஓரத்தை 45 பாகையில் சாய்த்து ஒட்டி, பெரிய பாறையைக் குடைந்தது போலக் காட்டுகிறார்கள். பேசினுக்காக வெட்டி எடுத்த நீள்வட்டத் துண்டு குப்பைக்குப் போகும்.

செப்டம்பரில் வெரோனாவில் மார்மொமாக் என்னும் கல் சந்தை. ஜிகணி, சென்னை, ஓசூர், கரீம்நகர் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். அந்த வாரம் அறை வாடகை விண்ணுக்கு ஏறும். ஆகவே பலர் நகரத்துக்கு வெளியே கார்தா ஏரிக்கரை ஊர்களில் தங்கி, பகலில் வந்து போவார்கள். கல் ஐந்து நட்சத்திரத்தில். கல் அனுப்பியவர் முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஊறுகாய் பாட்டிலோடு.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடக்கிறது. அதே லா ஸ்பேசியாப் பக்கமிருந்து கராராப் பளிங்கு ஏறி சென்னை வந்து, ஆம்பூர் வழியே ஜிகணிச் சாலைக் கடைகளில் இறங்குகிறது. பெங்களூர் வில்லாக்காரர்கள் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து 'இத்தாலியன்' தேடுகிறார்கள். ரசம் கொட்டினால் என்ன ஆகும் என்று கடைக்காரர் தானாகச் சொல்வதில்லை.

நம் பிளாக்கில் ஓரத்துத் துண்டுகள் மட்டும் ஜிகணியிலேயே தங்கிவிட்டன. மேல்பக்கம் பாலிஷ் ஏறி அடிப்பக்கம் முரடாக, இரண்டு ஹாலோ பிளாக்கின் மேல் வைத்த அப்படியொரு துண்டுதான் அந்த டீக்கடையின் பெஞ்ச். கொதிக்கும் டம்ளரை நேராக வைக்கலாம். அடியில் ஒட்டிய டீ வட்டமாகக் காயும். கடைப் பையன் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்.