ருமாநங் அராபி: ஊவா மலாயரின் பேச்சு

எங்கட மொனராகலைப் பக்கத்தில் மலாயரை முதியவர்கள் இன்றும் 'ஜாவா ஆக்கள்' என்றே சொல்வார்கள். அவர்கள் சந்தித்தால் கேட்பது 'அப்பா கபர்?' என்று. நம் காதுக்கு அது தகப்பனாரின் கபுறடி பற்றிய விசாரணைபோலக் கேட்கும், பயப்பட வேண்டாம். 'அப்பா' என்றால் என்ன. 'கபர்' என்றால் செய்தி, அரபியிலிருந்து போனது. என்ன சேதி என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒல்லாந்தர் காலத்தில் நாடு கடத்தப்பட்டு வந்தவர்களும் படைவீரர்களும் இவர்களின் முன்னோர். மாத்தரம் அரசர் மூன்றாம் அமங்குராட் 1708இல் இங்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலேயர் காலத்தில் இவர்கள் மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள். 1817-18 ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கவும் அந்தப் படையினர் ஏவப்பட்டனர். நம் மாவட்டத்தில் இது பெருமையாகப் பேசும் சங்கதியல்ல. 1873இல் சிலோன் ரைபிள்ஸ் கலைக்கப்பட்டது. பிறகு பொலிஸ், தோட்டம் என்று பிழைப்புத் தேடிப் பிரிந்தார்கள்.

இந்த மொழியை யாரும் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. சொல் மலாய், வாக்கியம் நம்முடையதுபோல. நாம் 'வீட்டுக்குப் போறன்' என்போம். அவர்கள் 'செ ருமாநங் அராபி' என்பார்கள். 'செ' நான், 'ருமா' வீடு. 'நங்' என்பது நமது 'கு'. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. வினை கடைசியில் நிற்கிறது. ஆனால் நிகழ்காலம் காட்டும் 'அரா' வினைக்கு முன்னே நிற்கிறது, நம் தமிழில் நடவாத காரியம்.

இந்த இலக்கணம் எங்கிருந்து ஏறியது? பீ. ஏ. ஹுஸைன்மியா, படைவீரர்கள் நம் சமூகத்துப் பெண்களை மணந்ததைக் காரணம் காட்டினார். தாய்மாரின் தமிழ் பிள்ளைகளின் நாவில் இறங்கியதாம். உம்பர்த்தோ அன்சால்தோ இதை மறுத்தார். சிங்களத்திலும் இதே அமைப்பு உண்டே என்றார். அவர் சொல்வது நியாயமே: 'கெதரட்ட யனவா' என்பதும் இப்படித்தான். உருபை மட்டும் வைத்துத் தாயாரைக் கண்டுபிடிக்க இயலாது. ஆனாலும் பள்ளிவாசலும் சம்பந்தமும் பெரும்பாலும் நம் ஆட்களோடுதான் இருந்தன என்பதால், தமிழின் பங்கை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

எழுத்திலும் இனத்தார்தான். நமக்கு அரபுத்தமிழ், அவர்களுக்கு குந்துல். 1869இல் பாபா உனுஸ் சல்தீன் கொழும்பில் தொடங்கிய 'அலாமத் லங்காபுரி' அரபெழுத்தில் வந்த மலாய்ப் பத்திரிகை. இன்று அதை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சொற்பம். பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள், பேச்சும் மெல்ல அங்கே சாய்கிறது. பதுளை வீடுகளில் ஒரு பெத்தாவோ மூத்தவாப்பாவோ இருக்கும்போதே யாராவது ஒலிப்பதிவு கருவியோடு போக வேண்டும்.