எறியாதீங்க, அதுவும் நம்ம வரலாறு



பெருநாள் காசில் வாங்கிய தகரக் கார், ஊதுகுழல், பம்பரம் இதில் ஒன்றாவது இன்று நம் வீடுகளில் இருக்கிறதா? பெருநாளைக்கு வீடு கழுவும்போது நாமே எறிந்துவிட்டோம்.

1950களின் தொடக்கத்தில் டெல்லியில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடத்தினார். பரிசாகக் கொடுக்கச் சொல்லி ஹங்கேரித் தூதுவர் ஒரு பொம்மை கொடுத்தார். அதில் மனம் லயித்த சங்கர், பிறகு போன நாடுகளிலெல்லாம் பொம்மை சேர்த்தார். அந்தப் பொழுதுபோக்குதான் 1965இல் சர்வதேச பொம்மை அருங்காட்சியகமானது. இன்று அங்கே ஆயிரக்கணக்கான பொம்மைகள். ஒவ்வொன்றின் உடையும் ஒரு நாட்டின் கதை.

நமது மாவட்டத்து ஹபுவிடவைப் பாருங்கள். அரக்கைச் சூடாக்கி, நூலாய் இழுத்து, விரல் நகத்தால் மரத்தில் பதிக்கிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் அரக்கு வேலைக்கும் இடம் கொடுத்தார். கைத்தடியும் விசிறிக் காம்பும் பதிவாகின. உம்மும்மா துணியில் தைத்த பாவையையும், மீன் டின்னில் பாட்டா செருப்புச் சக்கரம் பூட்டிய வண்டியையும் யார் எழுதினோம்?

பிளாஸ்டிக் சாமானோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்ட நம்மிடம் எதுவும் இல்லை. அலுமாரிக்கு மேலே, பழைய பெட்டிக்குள்ளே ஒருமுறை தேடுவோம். கிடைத்தால், யார் செய்தது, எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டி வைப்போம். ஒன்றும் கிடைக்காவிட்டால் மூத்தவர்களிடம் கேட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றைச் செய்வோம். கேட்க அவர்கள் இருக்கும்போதே.