ஒலித்த எண்ணும் எழுதிய எண்ணும்

பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் பொறியின் வரலாறு எண்களினின்றே தொடங்குகின்றது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த டேவிஸ், பிடல்ஃப், பலாஷெக் என்னும் மூவர் ‘ஆட்ரி’ எனும் கருவியை அமைத்தனர். அஃது அறிந்தன ஆங்கில இலக்கப் பெயர்கள் 10 மட்டுமே. அவற்றையும் ஒருவர் குரலுக்கேற்பக் கருவியைச் செப்பஞ்செய்த பின்னர், இடைவெளி விட்டு விட்டு ஒலித்தல் வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இலக்கங்களை முதற்கண் தெரிந்தெடுத்தது வியப்பன்று. 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்தது. இலக்கங்களோடு கூட்டல், கழித்தல், மொத்தம் முதலிய ஏவற்சொற்கள் 6 சேர்ந்தன.

இவ்விரு கருவிகளுக்கும் கேட்டலே அரிய செயலாயிருந்தது. 1997-இல் ‘டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்’ என்னும் மென்பொருள் வந்து, இடைவிடாப் பேச்சை ஏற்கத் தொடங்கியபோது, சிக்கல் கேட்டலினின்று எழுதுதலுக்கு மாறிற்று. ஆங்கிலத்தில் ‘ட்வென்டி ஃபைவ்’ என்றால் 25-ஆ, 20-உம் 5-உமா? ‘ஃபைவ்’ என்பதை எழுத்தால் எழுதுவதா, இலக்கத்தால் எழுதுவதா? ஆதலின் இலக்கம் வேண்டுவோர் ‘நியூமரல்’ என்று முன்னர்க் கூறும் வழக்கம் ஏற்பட்டது. குறிகளின் நிலை இதனினும் இடர்ப்பாடுடையது. பார்வையற்ற கணித அறிஞர் ஆபிரகாம் நெமத் தமக்குப் படித்துக் காட்டுவோர் பின்னத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வாயாற் கூறுமாறு முறை வகுத்தார். தாளிலுள்ள கோட்டின் நீளத்தைச் செவி அறியாதன்றோ?

இனித் தமிழை நோக்குவோம். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியை விரித்துரைத்தார். அப்புணர்ச்சியே ஈண்டு நமக்குத் துணையாகின்றது. ஓர் எண்ணாயின் ‘இருபத்தைந்து’ எனத் தகரம் இரட்டும்; இருபது, ஐந்து என இரண்டெண்களாயின் இரட்டாது. ஆங்கிலம் இடைவெளியால் உணர்த்துவதைத் தமிழ் எழுத்தொலியாலேயே உணர்த்துகின்றது. எண்களைச் சொல்லி எழுதுவிக்கும் பொறியைத் தமிழுக்கு அமைப்போர் பேச்சுவழக்கை மட்டும் நம்பாது புணரியலையும் கற்றல் நன்று என்பது எம் கருத்து.

பழந்தமிழ் எண்குறிகளும் பேச்சை அடியொற்றியே நடந்தன. இருநூற்று முப்பத்தைந்து என்பதை ௨௱௩௰௫ என எழுதினர். நூறும் பத்தும் வாயில் ஒலித்தவாறே ஏட்டிலும் நின்றன. 235 என இடமதிப்பு முறையில் எழுதும்போது அவை மறைகின்றன. சொல்வதை எழுதும் பொறி இன்று மேற்கொள்ளும் உழைப்பிற் பெரும்பகுதி இம்மறைப்பை நிகழ்த்துவதேயாகும்.

எனினும் ஒன்பதில் தமிழும் வழுக்குகின்றது. தொண்ணூறு நூறன்று, தொள்ளாயிரம் ஆயிரமன்று. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறாகும் எனத் தொல்காப்பியர் திரிபு கூறினார்; ‘தொண்டு’ என்பதே ஒன்பதன் பழம்பெயர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், ஏட்டில் ௯௰ என நின்றதும் நாவில் ஒலித்ததும் இங்கு ஒத்துச் செல்லவில்லை. நகரம் ணகரமாய்த் திரிந்ததன்றித் தொண்ணூற்றைந்தினுள் நூற்றைந்து முழுமையாகக் கேட்கின்றது. பொறி எழுதவேண்டுவதோ 95.