பற்றரி இல்லாமல் ஓடிய வண்டிகள்

சென்ற இலையுதிர் காலத்தில் நண்பர் ஒருவர் பழைய ஹொண்டா சி 50 ஒன்றை வாங்கி, லண்டனில் தன் வீட்டுப் பின்வளவில் கொண்டுவந்து விட்டிருந்தார். ஊரில் அவருடைய தகப்பனார் வைத்திருந்ததும் அதே நீல நிற வண்டிதானாம். அதற்காகவே வாங்கியிருக்கிறார். ஆனால் வண்டி ஸ்ராட் ஆகவில்லை. புது பிளக், புதுக் கொயில், புதுக் கொண்டென்சர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். 1992 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் எடுபிடியாக நின்றவன் என்பதுதான் என் தகுதி.

அந்த வண்டியில் என்ன பிழை இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது விளங்குவதற்கு முதலில் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

பெற்றோல் எஞ்சினில் பொறி விழுத்துவதற்கான மின்சாரம் இரண்டு வழிகளில் வரலாம். ஒன்று, எஞ்சின் தன் சுழற்சியால் தானே உண்டாக்கிக்கொள்வது. காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த மக்னெற்றோ அது. ஜேர்மனியில் ரொபேட் பொஷ் 1897இல் அதை ஒரு மூன்று சில்லு மோட்டார் வண்டியில் பொருத்தினார். 1902இல் அவருடைய எஞ்சினியர் கொற்லொப் ஹொனொல்ட் உயரழுத்த மக்னெற்றோவைச் செய்து முடித்தார். மற்றது, பற்றரியில் சேமித்ததை எடுத்துக் கொடுப்பது. அமெரிக்காவில் சார்ள்ஸ் கெற்றரிங் வகுத்த இந்த முறை 1910 அளவில் கடிலாக் கார்களில் வந்து, பின்பு உலகமெல்லாம் பரவியது. சுகமான முறை. பற்றரி கிடைக்கிற நாட்டில் சுகமான முறை.

1914இல் யுத்தம் தொடங்கியபோது பிரித்தானியாவுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதுவரை அவர்களுடைய வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் மக்னெற்றோ பெரும்பாலும் ஜேர்மனியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எதிரி நாட்டிலிருந்து பொறியை எப்படி இறக்குவது? அவசர அவசரமாகத் தாங்களே செய்யப் பழகினார்கள், அமெரிக்காவிலிருந்தும் எடுப்பித்தார்கள். பேரரசுக்கு அது முடிந்தது. எங்களிடம் இருந்தது பழைய இரும்புக் கடைதான்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப் பாகங்கள் எல்லாம் அகப்பட்டன. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லி அலுத்துவிட்டோம். நான் சொல்ல வருவது வேறு. பற்றரித் தடை ஊரிலிருந்த மோட்டார் சைக்கிள்களை இரண்டு சாதியாகப் பிரித்துவிட்டது.

ஹொண்டாவின் சூப்பர் கப் 1958இல் வந்தது. 2017இல் அதன் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியது. அந்தக் குடும்பத்துப் பழைய 6 வோல்ற் வண்டிகளில் சி 50, சி 70 இரண்டும் மக்னெற்றோவில் ஓடுபவை. அண்ணன்காரனான சி 90 பற்றரியில் ஓடுவது. தடைக்கு முன் சி 90 வைத்திருந்தவருக்குத்தான் மதிப்பு. தடை வந்தபின் சி 50 வைத்திருந்தவன் ராசா. செத்த பற்றரியோடு சி 90கள் எங்கள் கராஜ் மூலையில் சாக்குப் போர்த்துக்கொண்டு நின்றன. நாலு ரோச் பற்றரியைத் தொடுத்தால் 6 வோல்ற் வரும், ஒருமாதிரி ஸ்ராட் பண்ணலாம். ஆனால் ரோச் பற்றரியும் தடைப் பட்டியலில்தான். அப்படி ஸ்ராட் பண்ணினாலும் நல்ல பற்றரி இல்லாமல் வேகம் கூடினால் பல்ப் எல்லாம் எரிந்துபோகும்.

பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய். பெற்றோல் ஆவி கடுங்குளிரிலும் பற்றும். மண்ணெண்ணெயோ 38 பாகை சூட்டுக்குக் கிட்ட வந்தால்தான் பற்றும் ஆவியைத் தரும். ஆகவே சில சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். சேலைன் குழாய், ஊசி மருந்துப் போத்தல் என்று ஆஸ்பத்திரிச் சாமான்களே எங்கள் உதிரிப் பாகங்கள். இது எங்கள் கண்டுபிடிப்பு என்று பெருமையாக நினைத்திருந்தேன். இங்கு வந்தபின்தான் தெரிந்தது, இங்கிலாந்துத் தோட்டங்களில் போட்சன், பேர்கூசன் உழவு இயந்திரங்கள் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடிய காலம் ஒன்று இருந்தது என்று. அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கள் ஹொண்டாக்கள் அப்படியல்ல. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் வருகிற மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகாமல் கரிவழியே ஏர்த்துக்குப் போய்விடும். நாளுக்கு இருபது பிளக்காவது கம்பிப் பிரஸ்ஸால் தேய்த்து, அடுப்பில் சுட்டு எடுப்பேன்.

கராஜ் நடத்திய அண்ணைக்கு மீற்றர் ஒன்றும் இல்லை. பிளக்கைக் கழற்றித் தலைப்பில் சாய்த்துவைத்து உதைப்பார். நீலமாய் 'டிக்' என்று விழுந்தால் கொயிலில் குற்றமில்லை. மஞ்சளாய் மெலிந்து விழுந்தால் பொயின்ற்றைத் திறப்பார். பொயின்ற் கறுத்து, பெரிய பொறியாய்ப் பறந்தால் கொண்டென்சர் செத்துவிட்டது. மொறிஸ் காரில் கழற்றியதை வெளியே வைத்துக் கட்டுவார், ஓடும். பொயின்ற் இடைவெளி 0.3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அதற்குச் சிகரெட் பெட்டி மட்டை. எப்போது திறக்கிறது என்று பார்க்கச் சிகரெட் தாள். பறக்கும் சில்லில் உள்ள எப் அடையாளம் நேருக்கு வரும் அந்தக் கணத்தில் தாள் பிடி விட்டு வரவேண்டும். அண்ணை சிகரெட் குடிப்பதில்லை. தாளுக்காகக் குடிப்பவர்களோடு சிநேகம் வைத்திருந்தார்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டேய் தம்பி, சுவிச் வயரைக் கழட்டிப் பாத்தனியோ?"

பற்றரி வண்டியில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் அறுபடும். ஆகவே எங்காவது வயர் அறுந்தால் வண்டி நிற்கும். மக்னெற்றோ வண்டியில் நேர் எதிர். சாவி மின்சாரத்தை அறுப்பதில்லை, ஏர்த்துக்கு அனுப்பித்தான் எஞ்சினை நிறுத்துகிறது. அந்த வயர் அறுந்தால் வண்டி சாவியே இல்லாமல் ஓடும். அதன் தோல் உரிந்து சட்டத்தில் எங்காவது முட்டினால், சாவி போட்டிருந்தாலும் பொறி விழாது. பிளக் நல்லது, கொயில் நல்லது, எல்லாம் நல்லது, ஆனால் வண்டி பிணம். அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு உதைத்தால் அரை நிமிடத்தில் விடயம் தெரிந்துவிடும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் எழும்பிய இரவில் அண்ணை ஒரு சி 50ஐ என்னிடம் தந்தார். "அம்மம்மாவை இதில ஏத்திக்கொண்டு போ. சாவகச்சேரியில பாப்பம்." அம்மம்மாவைப் பின்னால் இருத்தி, முன்னால் றங்குப் பெட்டியை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அந்தச் சனத்துக்குள் வண்டியை ஓட்ட எங்கே இடம்? ஊர்ந்துகொண்டுதான் போனோம். மழை பிடித்தது. நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் வண்டி நின்றது.

தெருவோரத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பிளக் மூடியையும் தடித்த வயரையும் அம்மம்மாவின் சேலைத் தலைப்பால் ஈரம் ஒற்றினேன். தீப்பெட்டி வெளிச்சத்தில் பொயின்ற்றைக்கூடப் பார்த்தேன். பொறி இல்லை. பின்னாலிருந்து சனம் தள்ளியது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பள்ளத்தில் சாய்த்துவிட்டு நடந்தோம். அம்மம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. சாவகச்சேரிக்கு மறுநாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு அவர் தானாக எழுந்து நடந்தது குறைவு. அண்ணையை இரண்டு கிழமைக்குப் பின் கண்டேன். வண்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. மழை என்று நானாகவே சொன்னேன்.

மழைதான் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

நண்பரின் பின்வளவில் அந்த நீல வண்டியை நான் பிளக்கிலிருந்தே தொடங்கினேன். ஒரு மணித்தியாலம் போயிற்று. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாவிச் சுவிச் பழுதாய் இருக்குமோ?" என்று சாதாரணமாகக் கேட்டார். சுவிச் வயரைக் கழற்றி உதைத்தேன். நீலப் பொறி. வயரின் வழியே விரலை ஓட்டிப் பார்த்தால், சட்டத்தின் தகர விளிம்பில் உரசி ஒரு நெல்மணி அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. முன்பு எவரோ அந்த இடத்தில் எதையோ கட்டி ஏற்றியிருக்கிறார்கள். சட்டத்தில் கயிற்றுத் தழும்பு தெரிந்தது.

நண்பர் சந்தோசத்தில் வளவுக்குள்ளேயே வண்டியைச் சுற்றி ஓட்டினார். என்னையும் ஓட்டச் சொன்னார். நான் பின் சீற்றில் ஏறிக்கொண்டேன்.